கால்கரி புல்தரை: குளிர் இல்ல, வறட்சிதான் எதிரி

கனடாவுல ஆல்பர்ட்டா மாகாணத்துல இருக்குற கால்கரிக்குப் புதுசா வந்து வீடு வாங்குற நம்ம ஆளுங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "மைனஸ் முப்பது வரைக்கும் போகுதே, இந்த ஊர்ல புல் எப்படிங்க பிழைக்குது?" நான் பல வருஷமா இங்க புல் வளர்த்துட்டு வர்றேன், அந்த அனுபவத்துல சொல்றேன், புல்லுக்கு மைனஸ் முப்பது பெரிய விஷயமே இல்ல. ஒரு அடி ஸ்னோ மேல மூடிக் கிடந்தா போதும், வெளிய காத்து எவ்வளவு உறைஞ்சாலும் அதுக்கடியில மண்ணு பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழயே நின்னுக்கும், புல்லும் அது பாட்டுக்குத் தூங்கும். இங்க புல்லைக் கொல்றது வறட்சி. அதுவும் ஜூலை ஆகஸ்ட் வறட்சியை விட ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் கண்ணுக்கே தெரியாம நடக்குற வறட்சி. இதை மனசுல வாங்கிக்கிட்டா மத்த வேலை எல்லாம் எதை எப்ப ஏன் செய்யணும்னு தானா புரிஞ்சிடும், அதனாலதான் இதை முதல்லயே சொல்றேன்.

கால்கரில மழை, ஸ்னோ எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு சுமாரா 420 மில்லிமீட்டர்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தப்போ தாம்பரத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 49 சென்டிமீட்டர் பெஞ்சது ஞாபகம் இருக்கும், இந்த ஊருக்கு ஒரு முழு வருஷத்துக்கும் அவ்வளவு வராது. வர்றதுலயும் கால்வாசி ஜூன் மாசத்துலயே கொட்டித் தீர்த்துடும். வெள்ளை வெளேர்னு ஸ்னோ கிடக்குறதைப் பார்த்துட்டு இங்க தண்ணிக்கு என்ன பஞ்சம்னு தோணும், ஆனா ஜனவரி மாசம் முழுக்க விழுற ஸ்னோவை உருக்கிப் பார்த்தா பத்து மில்லிமீட்டர் தேறும், அவ்வளவுதான். 1857ல இருந்து 1860 வரைக்கும் ஜான் பாலிசர் தலைமையில பிரிட்டிஷ்காரங்க இந்தப் பக்கம் சர்வே பண்ண வந்தப்போ தெற்கு ப்ரெய்ரியோட, அதாவது இந்தப் பரந்த புல்வெளிச் சமவெளியோட, பெரும்பகுதியைப் பார்த்துட்டு விவசாயத்துக்கு ஆகாத வறண்ட பூமின்னுதான் எழுதி வச்சுட்டுப் போனாங்க. அந்த வறண்ட பூமியோட ஓரத்துல, கடல்மட்டத்துல இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல உட்கார்ந்திருக்கு நம்ம ஊரு.

அடுத்தது சினூக். பசிபிக் கடல்ல இருந்து வர்ற ஈரக் காத்து ராக்கி மலைல ஏறும்போது மழையையும் ஸ்னோவையும் மேற்குல இருக்குற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துப் பக்கமே இறக்கி வச்சுட்டு, காஞ்சுபோன வெறும் காத்தா நம்ம பக்கம் இறங்குது. இறங்குற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட பத்து டிகிரி சூடேறும். காலைல மைனஸ் இருபதுல கார் ஸ்டார்ட் ஆகாம நின்னிருப்போம், மறுநாள் மதியம் பிளஸ் எட்டுல ஜாக்கெட்டைக் கழட்டிக் கைல வச்சுக்கிட்டு நடப்போம். மேற்கால வானத்துல மேகம் வில்லு வளைச்ச மாதிரி நிக்கும், அதுக்கடியில ஒரு பட்டை நீலம் தெரியும். ஊரே சந்தோஷப்படுற நாள் அது, நானும் சந்தோஷப்படுவேன், ஆனா குளிர்கால வெயில் நேரா விழுற தெற்கு பார்த்த புல்தரையைப் பார்த்தா வயித்தைக் கலக்கும். ஸ்னோவுல பாதி தண்ணியா மண்ணுல இறங்காமலே நேரா காத்தோட போயிடுது. போர்வை போச்சு, மேல வெயிலும் காஞ்ச காத்தும், கீழ மண்ணு இன்னும் கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு, வேரால ஒரு சொட்டு கூட உறிய முடியாது. மேல இருக்குற ஈரம் மட்டும் போயிக்கிட்டே இருக்கும்.

புல்லோட உயிர் எங்க இருக்குன்னு ஒரு தடவை கண்ணால பார்த்துடணும். ஒரு கொத்தைப் பிடுங்கி, மேல இருக்குற காஞ்ச இலையை எல்லாம் உரிச்சுட்டா, வேரும் தண்டும் சேர்ற இடத்துல வெங்காயத் தாளோட அடிப்பாகம் மாதிரி வெளுப்பா ஒரு சின்னத் தூர் இருக்கும், அரை சென்டிமீட்டர் கூட இருக்காது. அதை நகத்தால கிள்ளிப் பாருங்க. வெள்ளையா, இறுக்கமா, லேசா ஈரம் ஒட்டுனா புல் உயிரோட இருக்கு, மேல வைக்கோல் நிறத்துல கிடந்தாலும் பரவால்ல. பழுப்பா, நார் நாரா உதிர்ந்தா முடிஞ்சது. செப்டம்பர், அக்டோபர்ல பகல் குறையக் குறைய இந்தத் தூர்லதான் புல் சர்க்கரையைச் சேத்து வச்சுக்கிட்டு, இருக்குற தண்ணியைக் குறைச்சுக்கிட்டு உறைபனிக்குத் தயாராகுது. நடு குளிர்காலத்துல சினூக் வந்து ரெண்டு மூணு நாள் உருகுன தண்ணில ஊறவிட்டுட்டு மறுபடி மைனஸ் இருபத்தஞ்சுக்குப் போனா அந்தத் தயாரிப்பு எல்லாம் வீணாயிடும், தூருக்குள்ள தண்ணி உறைஞ்சு கிழிச்சுடும். குளிர் கொன்ன மாதிரி தெரியுற புல்லுல நிறைய இப்படிச் செத்ததுதான்.

அதனால நான் குளிர்காலத்துல செய்யறது ரொம்ப சிம்பிள். நடைபாதைல இருந்து அள்ளுற ஸ்னோவை, பனி உருக உப்பு போடாததா இருந்தா, ஓரமா குவிக்காம தெற்கு பார்த்த புல்லு மேல பரவலா விசிறி விடுவேன். தெருவுல இருந்து வர்ற அழுக்கு ஸ்னோவைப் புல்லுல ஏத்தவே மாட்டேன், அதுல உப்பும் சரளைக்கல்லும் இருக்கும். மார்ச்ல நாலஞ்சு நாள் தொடர்ந்து வெயிலடிச்சு மேல் மண்ணு இளகிடுச்சுன்னா, மதியத்துல பூவாளியால தெற்கு ஓரத்துக்கு மட்டும் கொஞ்சம் தண்ணி. குளிர்காலத்துல தண்ணி ஊத்துறதைப் பார்த்துட்டு தெருவுல போறவங்க திரும்பிப் பார்ப்பாங்க, பார்க்கட்டும்.

மண்ணைப் பத்திப் பேசாம புல்லைப் பத்திப் பேச முடியாது. இந்த ப்ரெய்ரியோட கரிசல் உலகத்துலயே நல்ல மண்ணு வகைல ஒண்ணு, செர்னோசெம்னு சொல்வாங்க, ஆயிரக்கணக்கான வருஷமா புல்லு முளைச்சு மக்கி முளைச்சு மக்கி உண்டானது. ஆனா புது காலனில வீடு வாங்குனவங்களுக்கு அது கிடைக்கிறதில்ல. வீடு கட்டுறப்போ முதல்ல அந்தக் கருப்பு மண்ணைத்தான் வழிச்செடுத்துடறாங்க, அப்புறம் கனரக வண்டி எல்லாம் மேல ஓடி ஓடி களிமண்ணை இறுக்கிடுது, கடைசில அதுமேல கொஞ்சூண்டு கருப்பு மண்ணைத் தூவி, அதுக்கு மேல புல்பாயை உருட்டி விட்டுட்டு சாவியைக் கைல குடுத்துடறாங்க. எங்க வீட்ல மண்வெட்டியை இறக்குனா ஒரு சாண் கூட இல்ல, அதுக்குள்ள சாம்பலும் மஞ்சளுமா களிமண் வந்துடுச்சு. வேர் அந்த இடத்துல போய் முட்டிக்கிட்டு பக்கவாட்டுல திரும்புது. அப்படித் திரும்புன வேர் ஜூலை வெயில்லயும் தாங்காது, பிப்ரவரி சினூக்லயும் தாங்காது.

பக்கத்து வீட்டு அம்மா பக்கத்து மாகாணமான சஸ்காட்சுவன்ல கோதுமைப் பண்ணைல பிறந்து வளர்ந்தவங்க, எண்பது வயசுக்கு மேல ஆகுது, இப்பவும் குனிஞ்சு களை எடுப்பாங்க. மண்ணைச் சோதிக்க அவங்க வச்சிருக்கிறது நீளமான ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர். தண்ணி விட்ட மறுநாள் அதைப் புல்லுக்குள்ள குத்துவாங்க. பிடி வரைக்கும் சுலபமா இறங்குனா தண்ணி ஆழமாப் போயிருக்கு, மூணு விரக்கடைல நின்னுட்டா மேலோட நனைஞ்சிருக்கு இல்ல மண்ணு இறுகியிருக்கு. கடைல விக்கிற ஈரமானியை எல்லாம் விட இது எனக்கு நல்லா கைகொடுக்குது. மண்ணு இறுகியிருக்கிற இடத்துக்கு ஏரேஷன் மெஷினை வாடகைக்கு எடுத்து விரல் தடிமனுக்கு மண்ணைக் குடைஞ்சு எடுத்துட்டு, அந்த ஓட்டை எல்லாம் நிறையற மாதிரி கம்போஸ்ட்டைப் பரப்பி வாரிவிடணும். பச்சைத் தொட்டில நாம போடற சமையல் கழிவு, இலைதழையை எல்லாம் சிட்டி மக்க வச்சு கம்போஸ்ட் ஆக்குது, அதை வாங்கிப் போடலாம். ஒரே வருஷத்துல அதிசயம் எதுவும் நடக்காது, வருஷா வருஷம் செஞ்சா மண்ணோட நிறம் மாறுறது கண்ணுக்கே தெரியும்.

விதை விஷயத்துலதான் நம்ம ஆளுங்க நிறைய காசை விடறாங்க. பெரிய கடைல வாசல்லயே அடுக்கி வச்சிருக்கிற விதைப் பையில முன்பக்கம் பச்சைப் பசேல்னு படம் இருக்கும், அதைப் பார்க்காதீங்க, பின்பக்கத்தைத் திருப்பி என்னென்ன விதை எத்தனை சதவீதம்னு படிங்க. விலை குறைஞ்ச பையில ரைகிராஸ் அதிகமா இருக்கும். அது ஒரு வாரத்துலயே முளைச்சிடும், பார்க்க ஆசையா இருக்கும். ஆனா ரைகிராஸுக்கு இந்தக் குளிரைத் தாங்குற சக்தி கம்மி, அடுத்த ஏப்ரல்ல திட்டுத்திட்டா செத்துக் கிடக்கும். கென்டக்கி புளூகிராஸ் முளைக்க ரெண்டுல இருந்து நாலு வாரம் எடுக்கும், அதுவரைக்கும் மேல்மண்ணு காயாம பார்த்துக்கணும். பேருலதான் கென்டக்கி இருக்கு, அது ஐரோப்பாவுல இருந்தும் ஆசியாவோட வடக்குப் பக்கத்துல இருந்தும் வந்த புல்லு. மண்ணுக்கடியில தண்டை ஓடவிட்டு காலி இடத்தைத் தானே நிரப்பிக்கும், குழந்தைங்க பந்து விளையாடுற இடத்துக்கு இதை விட்டா வேற இல்ல. ஆனா தண்ணி கேக்கும், உரமும் கேக்கும்.

ஃபெஸ்க்யூ வகைங்க என்னோட செல்லம். இலை ஊசி மாதிரி மெல்லிசா, தண்ணியும் உரமும் கம்மியா, மரத்து நிழல்லயும் சமாளிச்சு வளரும். க்ரீப்பிங் ரெட் ஃபெஸ்க்யூ விதையை ஆல்பர்ட்டாவோட வடக்குல பீஸ் ரிவர் பக்கமே பெரிய அளவுல விளைவிக்கிறாங்க, நம்ம மாகாணத்து வயல்ல விளைஞ்ச விதையை விட்டுட்டு வேற எதைப் போய் வாங்கறது. மிதிபடறதைத்தான் ஃபெஸ்க்யூ அவ்வளவா தாங்காது. அதனால எங்க வீட்ல பின்பக்கம் குழந்தைங்க ஓடற இடத்துல புளூகிராஸ் தூக்கலான கலவை, முன்பக்கம் வெயில் சாய்வுல ஃபெஸ்க்யூ தூக்கலா. விதைக்கிறதுக்கு நல்ல நேரம் ஆகஸ்ட் நடுவுல இருந்து செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும், மண்ணு சூடா இருக்கும், காத்து குளிர ஆரம்பிச்சிருக்கும், களையோட தொல்லையும் குறைஞ்சிருக்கும். மே கடைசிலயும் விதைக்கலாம், ஆனா ஜூன் மழை ஏமாத்திட்டா இளம்புல்லைக் காப்பாத்த தினமும் குழாயும் கையுமா நிக்க வேண்டி வரும்.

தண்ணி. நம்ம ஊர் விவசாயிங்க காய்ச்சலும் பாய்ச்சலுமா விடணும்னு சொல்வாங்களே, இங்க புல்லுக்கும் அதேதான், இதை விட நல்ல அறிவுரை எந்தத் தோட்டக்கலை ஆளும் எனக்குச் சொன்னதில்ல. தினமும் பத்து நிமிஷம் ஸ்ப்ரிங்க்ளரைப் போட்டா மேல ரெண்டு சென்டிமீட்டர்தான் நனையும், வேரும் அங்கயே தங்கிடும். வாரத்துக்கு ஒரு தடவை, ரொம்ப வெயில்னா ரெண்டு தடவை, ஆழமா இறங்குற மாதிரி விட்டுட்டு நடுவுல நல்லா காய விடணும், அப்பதான் வேர் தண்ணியைத் தேடிக் கீழ போகும். மழையையும் சேர்த்து வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் போதும். காலி மீன் டப்பா ஒண்ணை ஸ்ப்ரிங்க்ளர் விழுற இடத்துல வச்சுட்டு அது ஒரு அங்குலம் நிறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஒரு தடவை பார்த்து வச்சுக்கங்க, அப்புறம் கடிகாரம் பார்த்தே விடலாம். களிமண்ணா இருந்தா ஒரே மூச்சுல விடாதீங்க, வழிஞ்சு ரோட்டுக்குத்தான் போகும், பாதி விட்டு ஒரு மணிநேரம் ஊறவிட்டு மீதி விடுங்க. விடியக்காலைதான் நேரம். மதியம் விட்டா காத்து பாதியைக் கொண்டு போயிடும்.

நூறு சதுர மீட்டர் புல்லுக்கு 25 மில்லிமீட்டர்னா 2,500 லிட்டர். ஒரு வாரத்துக்கு. இந்தக் கணக்கை நான் அடிக்கடி மனசுல ஓட்டிப் பார்ப்பேன், ஏன்னா இந்தத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு தெரியும். ராக்கி மலை ஸ்னோ உருகி போ (Bow) ஆத்துலயும் எல்போ ஆத்துலயும் வர்ற தண்ணிதான் மொத்த ஊருக்கும். 2006ல இருந்து போ ஆத்துப் படுகைல புதுசா தண்ணி எடுக்க லைசென்ஸ் கேட்டா ஆல்பர்ட்டா அரசு விண்ணப்பமே வாங்குறதில்ல, இருக்குற தண்ணி முழுக்க ஏற்கனவே பங்கு போட்டாச்சு. 2024 ஜூன் 5ஆம் தேதி ஊருக்கு வர்ற பெரிய குழாய் வெடிச்சப்போ தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணி விடவே கூடாதுன்னு தடை வந்துச்சு, சுத்திகரிச்ச தண்ணில கிட்டத்தட்ட 60 சதவீதம் அந்த ஒரே குழாய் வழியாத்தான் ஊருக்குள்ள வந்துக்கிட்டு இருந்தது. அந்தச் சமயத்துல கூரைல இருந்து பீப்பாய்ல பிடிச்ச மழைத்தண்ணிதான் எங்க காய்கறிக்குக் கைகொடுத்தது, புல்லுக்கு ஒரு சொட்டும் விடல. ஆழமா வேர் விட்டிருந்த முன்பக்கத்து ஃபெஸ்க்யூ ஒண்ணும் ஆகாம நின்னுச்சு.

போன ஆகஸ்ட்ல யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர் பதறிப்போய் போன் பண்ணினார், "அண்ணை, புல்லு முழுக்க மஞ்சளாப் போச்சு, செத்துட்டுதோ? திருப்பி விதைக்கவோ?"ன்னு. போய் ஒரு கொத்தைப் பிடுங்கித் தூரைக் கிள்ளிக் காட்டினேன், வெள்ளையா இருந்துச்சு. "சாகேல்ல தம்பி, படுத்திருக்கு"ன்னு அவர் பேச்சுலயே சொன்னேன். புளூகிராஸ் சூடும் வறட்சியும் சேர்ந்து வந்தா இலையைக் காய விட்டுட்டு தூரையும் அடித்தண்டையும் மட்டும் காப்பாத்திக்கும், மழை வந்தா திரும்பிடும். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை அரை அங்குலம் தண்ணி விட்டா போதும், தூர் சாகாது. அந்த நேரத்துல வெட்டக் கூடாது, உரம் போடக் கூடாது, மேல நடக்காம இருந்தா இன்னும் நல்லது. ஆகஸ்ட்ல பழுப்பா இருக்குற புல்தரையைப் பார்த்து யாரும் வெக்கப்பட வேண்டியதில்லங்கறது என்னோட திடமான அபிப்பிராயம். இந்த நாட்டு வெயிலுக்கு அந்தப் புல் எடுத்துக்கிற ஓய்வு அது.

வெட்டறதுல ஒரே விதிதான், மூணு அங்குலத்துக்குக் கீழ போகாதீங்க, ஒரே தடவைல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. உயரமா இருக்குற புல்லு தன் அடி மண்ணுக்குத் தானே நிழல் குடுக்கும், டேன்டலியன்ங்கற மஞ்சப்பூக் களையோட விதைக்கு வெளிச்சம் கிடைக்காது. வெட்டுனதை அப்படியே விட்டுடுங்க, மக்கி உரமாயிடும். டேன்டலியன் வந்தா மழை பெஞ்ச மறுநாள் நீளமான கத்தியை விட்டு வேரோட நெம்பி எடுக்கறதுதான் என் வழி. உரமும் களைக்கொல்லியும் ஒண்ணாக் கலந்து விக்கிற பொருளை 2010லயே ஆல்பர்ட்டாவுல விக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, ரொம்ப நல்ல முடிவு.

வருஷத்துல முக்கியமான மாசம் மே இல்ல, செப்டம்பர். செப்டம்பர் தொடக்கத்துல உரம், அதுக்கு மேல தள்ளிப்போட்டு நைட்ரஜனை அள்ளிக் கொட்டுனா இளசா தழைச்சு பூஞ்சைக்குத் தீனியாயிடும். கடைசி வெட்டை மட்டும் ரெண்டு அங்குலத்துக்குக் குட்டையா வெட்டணும், விழுந்த இலையை எல்லாம் வாரிடணும். அக்டோபர் தொடக்கத்துல, ஸ்ப்ரிங்க்ளர் குழாயில கம்ப்ரஸர் வச்சுக் காத்தடிச்சுத் தண்ணியை வெளியேத்தறதுக்கு முன்னாடி, ஒரு தடவை நல்லா ஆழமாத் தண்ணி. வருஷத்துல எந்தத் தண்ணியை விட்டாலும் விடாட்டியும் இதை விட்டுடாதீங்க, சினூக்குக்கு எதிரா புல்லு கைல வச்சிருக்கிற சேமிப்பு இதுதான். இலை உதிர்றதுக்கு முன்னாடியே ஸ்னோ வந்துடற வருஷமும் உண்டு, 2014 செப்டம்பர் இரண்டாம் வாரத்துலயே பெஞ்சு ஊரெல்லாம் மரம் முறிஞ்சு விழுந்துச்சு, அதனால வானிலையைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

ஏப்ரல்ல ஸ்னோ விலகுனதும் புல்லு மேல சாம்பலும் ரோஸுமா வட்ட வட்டமா, சிலந்தி வலை ஒட்டுன மாதிரி தெரியும், அது ஸ்னோ மோல்ட் பூஞ்சை. மருந்தெல்லாம் தேவையில்ல, காஞ்சதும் விசிறி வாரியால லேசாக் கிளறிக் காத்தாட விட்டா போயிடும். வோல்னு ஒரு குட்டி எலி ஸ்னோவுக்கடியில புல்லைக் கத்தரிச்சு வளைஞ்சு வளைஞ்சு பாதை போட்டிருக்கும், பார்க்கப் பயமா இருந்தாலும் தூர் தப்பிச்சிருக்கும், வாரிட்டுக் கொஞ்சம் கம்போஸ்ட்டும் விதையும் தூவுனா ஜூன்ல மூடிக்கும். மண்ணு சொதசொதன்னு இருக்குறப்போ அதுமேல நடக்காதீங்க, களிமண் அப்படியே அழுந்தி இறுகிடும். ஏப்ரல்லயே வீடு வீடா வந்து பவர் ரேக், அதாவது காஞ்ச புல்லை வாரி எடுக்குற மெஷின், போடட்டுமான்னு கேக்குறவங்ககிட்ட வேண்டாம்னே சொல்லிடுங்க, அப்பத்தான் கண் முழிக்கிற தூரை அந்த மெஷின் பிச்சு எடுத்துடும்.

ஊருக்கு வடமேற்குல நோஸ் ஹில் பூங்கால இந்த மண்ணோட பூர்வீகப் புல்லு இன்னும் இருக்கு, ரஃப் ஃபெஸ்க்யூ, 2003ல ஆல்பர்ட்டாவோட அதிகாரபூர்வப் புல்லா அறிவிச்சது. கொத்துக் கொத்தா, நீலம் கலந்த பச்சைல, யாரும் தண்ணி விடாம, உரம் போடாம நிக்குது. வேர் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போகும். குளிர்காலத்துலயும் சாயாம நின்னு சத்து குறையாம இருக்குறதாலதான் காட்டெருமைக் கூட்டங்கள் ஒரு காலத்துல குளிருக்கு இந்தப் பக்கம் வந்து மேஞ்சுச்சு. அதை வீட்டு லான் மாதிரி ஒட்ட வெட்டி வைக்க முடியாது, வளர்றதும் ரொம்ப மெதுவா. ஆனா முன்பக்கத்துல நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற அந்த ஒல்லிப் பட்டை இருக்கே, ரோட்டு ஸ்னோவை ஒதுக்குற ப்ளவ் வண்டி உப்பு ஸ்னோவைத் தள்ளிவிட்டு வருஷா வருஷம் புளூகிராஸ் கருகிப்போற இடம், அங்க ஷீப் ஃபெஸ்க்யூவும் தெற்கு ஆல்பர்ட்டாவோட புளூ கிராமாவும் கலந்து விதைக்கலாம்னு இருக்கேன். புளூ கிராமா சூட்டுக்கு வளர்ற வகை, ஜூன்லதான் பச்சையாகும், அதனால விதையையும் மண்ணு நல்லா சூடேறின ஜூன்லதான் போடணும், ஃபெஸ்க்யூவை ஆகஸ்ட் கடைசில மேல தூவிக்கலாம். செப்டம்பர்லயே பொன்னிறமாயிடும், கண் இமை முடி மாதிரி கதிர் ஒரு பக்கமாப் படுத்து ஆடும். பக்கத்து வீட்டம்மா அவங்க பட்டையையும் சேத்தே விதைக்கச் சொல்லிட்டாங்க, கம்போஸ்ட் அவங்க பொறுப்பு.